தூசி தட்டினவள்

போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் அந்தக் கறுப்பு வெள்ளைப் போட்டோவை யார் போட்டது என்று நான் கேட்கப் போவதில்லை. போட்டவருக்குப் புண்ணியம். நம் பள்ளிக்கூட மேடை. பின்னால் ஆளுயர வயலினோடு ஒருத்தர், ஊதுகிற வாத்தியங்களோடு ரெண்டு பேர், முன்னால் பாவாடை சட்டையில் ரெண்டு கையிலும் குட்டித் துடைப்பம் மாதிரி எதையோ பிடித்துக்கொண்டு ஒரு பெண்பிள்ளை. கீழே ‘நம்ம தூசி தட்டி’ என்று எழுதியிருந்தது. வரிசையாக எல்லோரும் சிரித்தீர்கள். நானும் ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன்.

ஐம்பது வருஷமாக இந்தப் பட்டப்பெயரைச் சுமக்கிறேன். என் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு உங்களில் ஒருத்தன் மாப்பிள்ளையிடமே சொல்லிக்கொடுத்தான், அவன் யார் என்று அவனுக்கே தெரியும். எனக்கும் அறுபது தாண்டியாச்சு. சர்க்கரை, மூட்டுவலி, உங்களுக்கு இருப்பதெல்லாம் எனக்கும் இருக்கிறது. இனி மூடி வைத்து யாருக்கு என்ன ஆகப்போகிறது. அன்றைக்கு மேடையில் நான் தூசி தட்டவில்லை. வாசித்தேன்.

அந்தக் கோடை விடுமுறையில் வந்த குழுவை நினைவிருக்கும். ஆறு பேர். ஜாஸ் என்று சொன்னார்கள். அது சாப்பிடுகிற சாமானா, பூசுகிற சாமானா என்று நம் டவுனில் யாருக்கும் தெரியாது. அவர்களுக்குத் தலைவர் டிரம்ஸ் வாசிக்கிறவர், பாட்டு கட்டுகிறவரும் அவரே. நாம் மாஸ்டர் என்று கூப்பிட்டோம். ஒவ்வொரு ஊராகப் போவார்கள், ஒரு மாதம் தங்குவார்கள், அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள், அந்த ஊரின் சத்தங்களைக் கேட்டுப் புதிதாக ஒன்று கட்டுவார்கள், பிள்ளைகளையும் சேர்த்து மேடையேற்றிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். மற்ற ஐந்து பேரும் பள்ளிக்கூட விடுதியில் படுத்துக்கொண்டார்கள். மாஸ்டருக்கு மட்டும் உட்கார்ந்து எழுதத் தனி இடம் வேண்டுமென்று எங்கள் வீட்டு மச்சைக் கேட்டு வந்தார்கள்.

என் அப்பாவை உங்களுக்குத் தெரியும். மூன்று வேளையும் திருநீறு, வெங்காயத்தைக்கூடச் சந்தேகமாகப் பார்க்கிறவர். மாஸ்டரைக் கூடத்தில் உட்காரவைத்து ஒரு மணி நேரம் சுற்றி வளைத்தார். கடைசியில், “நீங்க எந்தப் பக்கம்?” என்று கேட்டார். என்ன ஆளு என்று கேட்க வெட்கப்படுகிறவர்கள் நம் ஊரில் அப்படித்தான் கேட்பார்கள்.

“ரயில்வே பக்கம் சார். மதுரை ரயில்வே காலனி. அப்பா இன்ஜின் டிரைவர். அப்புறம் பதினஞ்சு வருஷம் பம்பாய் ஹோட்டல்ல வாசிச்சேன்” என்றார் மாஸ்டர்.

அப்பாவுக்கு அதற்கு மேல் எப்படித் தோண்டுவதென்று தெரியவில்லை. மாமிசம் கூடாது, குடி கூடாது, செருப்பு மாடிப்படிக்குக் கீழேயே கிடக்க வேண்டும் என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார்.

அம்மா அப்போது என் தம்பியைப் பெற்றெடுக்க ஸ்ரீவைகுண்டத்தில் அவள் பிறந்த வீட்டில் இருந்தாள். வீட்டைப் பார்த்துக்கொண்டது அத்தை, அப்பாவின் தங்கை. இருபத்தி மூன்று வயதில் தாலியறுத்து அண்ணன் வீட்டுக்கு வந்தவள். எங்கேயும் போகமாட்டாள். கோயில் கொடியேற்றம் என்றாலும் மொட்டைமாடியில் நின்று சத்தத்தைக் கேட்டுக்கொள்வாள். வாய் மட்டும் அடங்காது. “இந்த வீட்டுல எனக்குன்னு இருக்கது இந்த வாய் ஒண்ணுதாம்ட்டி, அதையும் மூடினா நான் எதுக்கு?” என்பாள். அப்பாவை எதிர்த்து எனக்காகப் பேச அந்த வீட்டில் அவளைத் தவிர ஆள் கிடையாது.

காலையில் வாசல் தூத்துவது என் வேலை. ஒருநாள் விடிந்தும் விடியாமலும் தென்னை ஈர்க்கு வாரியலால் பெருக்கிக்கொண்டிருந்தேன். மாஸ்டர் பனியனோடு மாடிப்படியில் வந்து உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது, நிறுத்தினேன்.

“நிறுத்தாத பாப்பா. நீ எப்படிப் பெருக்குறேன்னு உனக்குத் தெரியுமா?”

“எல்லாரும் பெருக்குத மாதிரிதான்.”

“இல்ல. நீ நீட்டி இழுக்கிற, அப்புறம் சின்னதா ஒரு தட்டு. சர்ர்... சரக். சர்ர்... சரக். பத்து நாளா மேல படுத்துக்கிட்டுக் கேக்குறேன். ஒருநாள்கூட நீ அதை விடல.”

அன்றைக்கே என்னை மச்சுக்குக் கூப்பிட்டார். அத்தையும் துணைக்கு வந்து வாசற்படியில் நின்றாள். மெல்லிய கம்பிகளை விசிறி போல் விரித்துக் கட்டிய ரெண்டு பிரஷ்களை என் கையில் கொடுத்தார். ஜாஸில் மெதுவான பாட்டுக்குக் குச்சியால் அடிக்க மாட்டார்களாம், டிரம் மேல் இப்படிப் பெருக்குவார்களாம். இடது கை வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கவேண்டும், வலது கை தட்டவேண்டும். நான் சுற்றினேன். டிரம் பேசியது. வாசலில் மண்ணில் வருகிற சத்தமேதான், ஆனால் கனமாக, பக்கத்தில் யாரோ மூச்சு விடுவது போல. அத்தை வாயில் கையை வைத்துக்கொண்டாள். “ஏட்டி, வாரியல் பிடிக்கதுக்கும் ஒரு யோகம் வேணும் போல” என்றாள்.

பெரிய செட்டில் இருந்த மற்ற டிரம்களுக்கு பிளாஸ்டிக் மேல்தோல். இந்த ஒரு சின்ன டிரம்முக்கு மட்டும் பழைய கன்றுக்குட்டித் தோல். அவருடைய வாத்தியார் பம்பாயில் சாகும்போது கொடுத்தது. “பிளாஸ்டிக் வழவழன்னு இருக்கும் பாப்பா. பிரஷ் அது மேல வழுக்கிட்டுப் போயிரும், பேசாது. இதுலதான் பேசும்” என்றார். காலையில் திருகுகளை முடுக்குவார், வெயில் ஏறினால் தளர்த்துவார். “ஈரமும் ஆகாது, வெயிலும் ஆகாது. பச்சப்புள்ள மாதிரி” என்பார். நான் அதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். கேட்டுக்கொண்டேன் என்பதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நம் ஊருக்காக அவர் கட்டிய பாட்டுக்கு ‘வாசல்’ என்று பெயர் வைத்தார். ஆரம்பத்தில் நான் ஒருத்தி மட்டும் பெருக்க வேண்டும், பதினாறு சுற்று. அப்புறம் பெரிய வயலின் சேரும், அப்புறம் மற்றவர்கள், அப்புறம் நீங்களெல்லாம் கொட்டாங்கச்சியும் டம்ளரும் கைதட்டலுமாக. நடுவில் என்ன வைப்பது என்று மட்டும் அவருக்குத் தெரியவில்லை. ரெண்டு ஆறு சேருகிற இடத்தில் என்ன சத்தம் வரும் என்று கேட்டு நம்மையெல்லாம் டவுன் பஸ்ஸில் சீவலப்பேரிக்குக் கூட்டிப்போனாரே. கோடையில் சிற்றாறு மணலாய்க் கிடந்தது. தாமிரபரணி முழங்காலளவுக்குப் போய்க்கொண்டிருந்தது. காதைக் கூர்மையாக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒரு சத்தமும் இல்லை. ஒருத்தன் எருமை மாதிரிக் கத்தி அடி வாங்கினான். மாஸ்டர் மட்டும் சிரித்துக்கொண்டே, “சரி, நடுவுல அப்ப ஒண்ணும் வேண்டாம்” என்று நோட்டில் எழுதினார்.

கச்சேரிக்கு ரெண்டு நாள் இருந்தது. காலையில் அப்பாவுக்கு அத்தை இட்லி பரிமாறிக்கொண்டிருந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. “அப்பா, நான் வாசிக்கது சாதாரண டிரம் இல்ல. கன்னுக்குட்டித் தோலு” என்றேன்.

அப்பா கையை உதறிவிட்டு எழுந்தார். என் வாயால்தான் வந்தது. யாரையும் நான் குறை சொல்ல முடியாது.

“மாட்டுத் தோலா? பூசை ரூமுக்கு நேர் மேல ஒரு மாசமா மாட்டுத் தோல் கெடக்கா? நீ அதைத் தொட்டுட்டு வந்து இங்கன உக்காந்து திங்கியா?”

“கோயில்ல தவில் அடிக்கான், அதுவும் தோலுதானே அண்ணாச்சி” என்றாள் அத்தை.

“அது கோயில். இது வீடு. சாயங்காலம் அவர் வரட்டும், மச்சைக் காலி பண்ணச் சொல்லிருதேன். இவ மேடைக்குப் போக வேண்டாம்.”

அப்பா ஆபீஸுக்குப் போய்விட்டார். மாஸ்டரும் குழுவும் அன்றைக்கு முழுக்கப் பள்ளிக்கூடத்தில் மேடை கட்டுகிற வேலையில் இருந்தார்கள். டிரம்மை மச்சிலேயே துணி போட்டு மூடி வைத்திருந்தார். கூட்டிப் பெருக்க மச்சுச் சாவி அத்தையிடம் இருந்தது. நான் அடுக்களை மூலையில் உட்கார்ந்து ஏங்கி ஏங்கி அழுதேன். அத்தை கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகினாள்.

“அழாதட்டி, சவம். தீட்டுன்னா கழிக்க வழியில்லாமலா போச்சு? செத்த வீட்டையே மஞ்சத்தண்ணி விட்டுக் கழுவி உள்ள போறோம், ஒரு மேளத்தைக் கழுவ முடியாதா? வா.”

பித்தளை வாளி நிறைய மஞ்சள் கரைத்தாள். டிரம்மை மொட்டைமாடிக்குத் தூக்கிப்போனோம். எனக்குத் தெரியும். ஈரம் ஆகாது, வெயில் ஆகாது என்று எனக்குத் தெரியும். “அத்தை...” என்று ஆரம்பித்தேன். “என்னட்டி?” என்று திரும்பினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அண்ணன் வீட்டுக்கு வந்து பத்து வருஷத்துக்கு அப்புறம் அவள் கையால் ஒரு காரியம் நடக்கப்போகிறது, அவள் ஜெயிக்கப்போகிறாள். நான் ஒண்ணுமில்லை என்றேன். பெரியவர்களுக்குத் தெரியாததா என்றும் நினைத்துக்கொண்டேன். “நீ ஊத்து, நான் தேய்க்கேன்” என்றாள். ஊற்றினேன்.

தோல் மேல் உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். மாமியார் வீட்டில் சொல்லிக்கொடுத்த ஏதோ பதிகத்தை முணுமுணுத்தாள். பிறகு வடகத்துக்கு விரிக்கிற பழைய வேட்டியை விரித்து, அதன் மேல் டிரம்மைக் காயவைத்தாள். சித்திரை வெயில். மதியம் சாப்பிட்டுவிட்டு அத்தை கண்ணயர்ந்தாள். அப்போது மேலிருந்து ‘பட்’ என்று ஒரு சத்தம் கேட்டது. நான் மட்டும் போனேன். முடுக்கி இருந்த தோல் காய்ந்து சுருங்கி, விளிம்பிலிருந்து நடு வரைக்கும் கிழிந்திருந்தது. மஞ்சளாக, பார்க்க மங்களகரமாக இருந்தது. துணியைப் போட்டு மூடி, தூக்கிக்கொண்டு போய் மச்சில் பழைய இடத்திலேயே வைத்தேன். அழுகைகூட வரவில்லை.

சாயங்காலம் அப்பா வந்ததும் அத்தை முந்திக்கொண்டாள். “மஞ்சத்தண்ணியில கழுவியாச்சு அண்ணாச்சி. திருநீறும் வச்சாச்சு. இனி தீட்டுன்னு சொன்னா அது மஞ்சளுக்குத்தான் அவமானம்.” “கழுவியாச்சுல்லா? அப்பம் சரி” என்றார் அப்பா. அவ்வளவுதான். மச்சு தப்பியது. நான் மேடைக்குப் போகலாம் என்றும் ஆகிவிட்டது.

சற்று நேரத்தில் மாஸ்டர் மச்சுக்கு ஏறினார். ரொம்ப நேரம் கழித்துப் பைய இறங்கி வந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் அத்தை அடுக்களை நிலையில் நின்றபடி, “தம்பி, உங்க மேளத்தை நானே கழுவிக் காய வச்சிட்டேன். அண்ணாச்சிக்கு மனசு சரியில்லாம இருந்துது. இப்பம் சம்மதிச்சிட்டாங்க. இனி உங்களுக்கு ஒரு குறையும் வராது” என்றாள்.

மாஸ்டர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். “ரொம்ப நன்றிக்கா” என்றார். பிறகு அவர் கண் என் கைக்கு வந்தது. ரெண்டு உள்ளங்கையும் மஞ்சளாக இருந்தது. நான் கையைப் பின்னால் மறைத்தேன். படியேறும்போது என்னிடம் மட்டும் மெதுவாக, “அக்காவுக்குச் சொல்லாத பாப்பா. அவங்க நல்லதுதான் செஞ்சாங்க” என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் அவர் தவிலுக்குத் தோல் மாட்டுகிறவரைத் தேடிப்போனார். தோலை ஊறவைத்து, இழுத்துக் கட்டி, காயவைக்கப் பத்து நாளாகும் என்று சொல்லிவிட்டாராம். இருந்த ஒரே பிளாஸ்டிக் தோலை மாட்டினார். நான் பெருக்கினேன். கண்ணாடி மேல் துணி ஓடுகிற மாதிரி இருந்தது. உப்புத்தாளை வெட்டி ஒட்டிப் பார்த்தார். மச்சுக்குள் லேசாகக் கேட்டது. “குச்சியால அடிக்கிறியா பாப்பா?” என்று கேட்டார். எனக்குப் பெருக்கத்தான் தெரியும். அவரே அந்த இடத்தை வாசித்திருக்கலாம், வேறொருத்தருக்குக் கொடுத்திருக்கலாம். “நீதான் ஆரம்பிக்கணும். மைக்கைப் பக்கத்துல வச்சுக்கலாம்” என்று சொல்லிவிட்டார்.

மிச்சம் உங்களுக்குத் தெரியும் என்று நினைக்கிறீர்கள். பள்ளிக்கூட மைதானம் நிறைய ஜனம், சுண்டல்காரன், பின்வரிசையில் சைக்கிள்கள். நான் உட்கார்ந்தேன். மைக் செட்காரர், யாரோ பிள்ளை டிரம்மைத் துடைக்கிறது, இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்து மைக்கை அணைத்து வைத்துக்கொண்டு பீடி பற்றவைத்தார். நான் பதினாறு சுற்றும் பெருக்கினேன். ஒன்றுகூட விடவில்லை. எனக்கே கேட்கவில்லை. முன்வரிசையில் ஒருத்தர், “தூசி தட்டுதுவே, இனிமேத்தான் தொடங்குவாங்க” என்று சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டது. நீங்கள் அதைப் பிடித்துக்கொண்டீர்கள். பிரஷைப் பிடித்திருந்த என் விரலெல்லாம் மஞ்சள். மாஸ்டர் பெரிய டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்து, கண்ணை மூடி, ஒவ்வொரு சுற்றுக்கும் தலையை அசைத்துக்கொண்டிருந்தார். அவசரப்படவில்லை, என்னை வெட்டவில்லை, பதினாறும் முடிகிறவரை யாரையும் தொடவிடவில்லை. அவர் அப்படிச் செய்யாமல் இருந்திருக்கலாம் என்று அப்போது நினைத்தேன். சீக்கிரம் முடிந்தால் போதும் என்று இருந்தது. பெரிய வயலின் சேர்ந்ததும் ஜனங்கள் கைதட்டினார்கள், ஆரம்பித்தாச்சு என்று.

வீட்டுக்கு வந்தால் அத்தை மொட்டைமாடியிலிருந்து இறங்கி ஓடிவந்தாள். ரெண்டு தெரு தள்ளித்தானே பள்ளிக்கூடம். “கேட்டுதுட்டி” என்றாள். “சர்ர்... சரக்குன்னு. முதல்ல நீ ஒருத்தி மட்டும். எனக்கு அங்கன நின்ன மாதிரியே இருந்துது.” என் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் நெட்டி முறித்தாள். கேட்டிருக்க வழியே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கே கேட்கவில்லை. “ஆமா அத்தை” என்றேன். ஆசையில் அவளுக்கு அப்படித் தோன்றியிருக்கும் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ரெண்டாம் நாள் குழு ஆழ்வார்திருநகரிப் பக்கம் ஏதோ பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியது. நான் மாஸ்டரிடம் சொல்லியிருக்க வேண்டும். வாளியைச் சாய்த்தது நான், எனக்குத் தெரிந்தேதான் சாய்த்தேன் என்று. வேன் கதவு வரைக்கும் போனேன். அவர் என் தலையில் கைவைத்து, “கை நிக்காமப் பெருக்கு” என்றார். வேன் போய்விட்டது. அப்புறம் அவர் எங்கே போனார், என்ன ஆனார், எதுவும் தெரியாது. என் மகன் போனில் தேடிப் பார்த்தான். அந்தக் குழுவுக்கு ஒரு தடயமும் இல்லை.

கிழிந்த தோலை அவர் வெட்டி எடுத்துக்கொண்டு போயிருந்தார். தோல் மாட்டியிருந்த வளையம் மட்டும் மச்சுச் சன்னலில் கிடந்தது. அத்தை அதைக் கொண்டுவந்து தண்ணீர்ப் பானைக்கு அடியில், புரிமணைக்குப் பதிலாக வைத்தாள். வளையத்தின் ஓரத்தில் மஞ்சள் படிந்த தோல் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. அது எப்படித் தனியாகக் கழன்று வந்தது என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவை தண்ணீர் கோரும்போதும் அது என் கண்ணில் பட்டது. வீடு விற்கும்போது அதைத் தேடினேன். பழைய இரும்போடு போய்விட்டதாம்.

கடைசி மூன்று வருஷம் அத்தை என்னோடுதான் இருந்தாள். படுக்கையோடு கிடந்த நாட்களில் பேச்சே குறைந்துவிட்டது, அவளா இப்படி என்று எல்லோரும் அதிசயப்பட்டார்கள். ஒருநாள் காலை, அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி.”

“என்ன அத்தை?”

“அன்னைக்குச் சத்தம் வந்துச்சாட்டி?”

எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை. தோல் கிழிந்தது அவளுக்கு அப்போதே தெரிந்திருந்தது, மொட்டைமாடியில் அவள் காதிலும் ஒன்றும் விழுந்திருக்கவில்லை. நாற்பது வருஷம் என்னிடம் சொல்லாமல் அதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள், நான் அவளிடம் சொல்லாமல் வைத்துக்கொண்டிருந்த மாதிரியே. துடைப்பத்தைக் கீழே போடத் தோன்றவில்லை.

“வந்துச்சு அத்தை” என்றேன். “நல்லா வந்துச்சு.”